ஆலங்கட்டி விழுந்ததை வந்து பார்த்து எழுதக் கோருவது

அனுப்புநர்:
காலஞ்சென்ற சுருளியாண்டி பெண்சாதி சங்கிலியம்மாள்,
கொடிக்கால் விவசாயம்,
புளியங்கரைப்பட்டி, உத்தமபாளையம் தாலுகா,
மதுரை ஜில்லா.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ தாசில்தார் அவர்கள் சமுகம்,
உத்தமபாளையம்.

பொருள்: சென்ற சித்திரை மாதம் புளியங்கரைப்பட்டியில் ஆலங்கட்டி மழையால் எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் அழிந்தது, அப்படி மழையே பெய்யவில்லை என்று கிராம முன்சீப் எழுதிவிட்டது, அதனால் என் மருமகள் மேல் விழுந்த பழி, நேரில் பார்வையிட்டு உள்ளதை எழுதித் தரக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

மனுதாராகிய சங்கிலியம்மாள் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

எனக்கு எழுத்துத் தெரியாது. கச்சேரி வாசலில் மனு எழுதுகிற சண்முகராஜ் என்பவரைக் கொண்டு, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவித்திருக்கிறேன். சில இடங்களில் அவர் எழுதத் தயங்கினார். அவர் தயங்கின இடமெல்லாம் எழுதியே ஆக வேண்டிய இடம் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். ஆகையால் இதில் மரியாதைக் குறைவு ஏதாவது இருந்தால் அது என்னுடையது. கையெழுத்து நன்றாயிருந்தால் அது அவருடையது.

1. நான் புளியங்கரைப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் கொடிக்கால் வேலை செய்கிறவள். என் புருஷன் இறந்தபின் நானும் என் மகன் பேச்சிமுத்துவும், அவன் பெண்சாதி அய்யம்மாள் வந்தபிறகு மூன்று பேருமாக, எங்கள் சொந்தக் கொடிக்காலைப் பார்த்து வந்தோம். அகத்தி மரங்களில் கொடி ஏறி, உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் வெயில் தெரியாது. எங்களுக்குத் தெற்கே என் கொழுந்தனார் ஒச்சாண்டியின் கொடிக்கால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை மட்டுமே.

2. கொடிக்காலுக்குள் நாங்கள் செருப்போடு போகிறதில்லை. வீட்டுக்கு விலக்காயிருக்கிற பெண்கள் அதன் வேலியைக்கூடத் தொடுகிறதில்லை. தொட்டால் கொடி கருகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அப்படியே நடந்தவள்தான். இந்த விஷயத்தைத் துரைமார் பார்க்கிற காகிதத்தில் எழுதலாமா என்று சண்முகராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊர் முழுக்க வாய் கூசாமல் பேசித் தீர்த்த பிறகு காகிதத்துக்கு மட்டும் என்ன கூச்சம் என்று கேட்டேன். எழுதினார்.

3. சென்ற சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. முந்தின வருஷம் என் மகனுக்கு அம்மை கண்டு பிழைத்தான். அவன் பிழைத்தால், கண் கண்ணாகத் துளையிட்ட ஆயிரங்கண் பானையைக் கோயிலுக்கு எடுக்கிறேன் என்று ஆத்தாளிடம் நேர்ந்துகொண்டவள் அய்யம்மாள். நேர்ந்தவளுக்குப் புறப்படுகிற அன்று காலையில் விலக்காகிவிட்டது. அவள் அழுத அழுகை பார்க்கச் சகிக்கவில்லை. உன் பானையை நான் எடுக்கிறேன் என்று தேற்றி, அவளைக் குச்சில் விட்டுவிட்டுப் போனோம். குச்சு என்பது விலக்கான பெண்கள் தங்குகிற ஓலைக் குடிசை. அது எங்கள் ஊருக்கு மேற்கே, எங்கள் கொடிக்கால் வேலிக்கு வெளியே, மலையைப் பார்த்துத் தனியாக நிற்கிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷி அவள் ஒருத்திதான்.

4. அன்று பிற்பகல் நடந்ததை அவள் சொன்னபடி எழுதுவிக்கிறேன். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லவும் மாட்டேன்.

மலைக்கு மேலே மேகம் கருப்பாக ஏறி, பிறகு வானம் ஒரு மாதிரிப் பச்சையாகிவிட்டதாம். காற்று அடியோடு நின்றுபோனதாம். கூரைமேல் என்னமோ ஒன்று விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று விழுந்தது. விலக்கான பெண் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்து எவனோ கல்லெறிகிறான் என்று அவள் நினைத்திருக்கிறாள். “ஏலே, எவன்லே அது?” என்று கத்திக்கொண்டு வெளியே வந்தவளுக்குத் தோளில் ஒன்று விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தால் ஆள் இல்லை. “ஆளே இல்ல அத்த. மேலருந்து எறியிறாக, யாருன்னு தெரியல” என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு மழை மாதிரிக் கொட்டியிருக்கிறது. அகத்தி மரங்கள் அத்தனையும் சேர்ந்து ஓலமிட்டன என்கிறாள். மரம் ஓலமிடுமா என்று கேட்டேன், ஓலமிட்டது என்கிறாள். அது நின்றபோது கொடிக்கால் முழுக்கக் கோலமாவு கொட்டினாற்போல் வெள்ளையாகக் கிடந்தது. கொடிகள் மரத்தை விட்டுச் சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் தன் நிலை மறந்து உள்ளே ஓடினாள். இதை நான் மறைக்கவில்லை. உள்ளே போனாள். தன் முந்தானையைக் கிழித்துக் கிழித்து, சரிந்த கொடிகளை எடுத்து மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். ஆலங்கட்டி விழுந்தபின் போனாள், போனபின் விழவில்லை. சமுகத்தார் இந்த வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் வாசிக்க வேண்டும். என் குடும்பம் பிழைப்பதும் கெடுவதும் அதில்தான் இருக்கிறது.

நாங்கள் வந்தால் காட்டுவதற்காக அந்தக் கட்டிகளை ஒரு பானை நிறைய அள்ளி, சாக்கைப் போட்டு மூடி வைத்தாள்.

5. மறுநாள் பொழுது சாயும்போது வண்டிகள் திரும்பின. வழியெல்லாம் புழுதி. ஊரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒச்சாண்டியாரின் கொடிக்காலில் ஒரு இலை கிழியவில்லை. எங்கள் கொடிக்காலில் ஒரு இலை முழுசாக இல்லை. கமலை இறைத்துத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போயிருந்தோம். ஆகையால் உள்ளே இருந்த ஈரமும் சாட்சிக்கு உதவவில்லை. “அத்த, ஆலங்கட்டி விழுந்துச்சு, ஆலங்கட்டி விழுந்துச்சு” என்று ஓடிவந்து அவள் சாக்கை எடுத்தாள். பானையில் தண்ணீர் இருந்தது. ஒச்சாண்டியார் எட்டிப் பார்த்து, “பானையில தண்ணி இல்லாம பின்ன என்னத்த இருக்கும்?” என்றார். கூட்டம் சிரித்தது. நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். விலக்கானவள் தொட்ட பானையில் குடித்தேன் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அதில் எதைக் கண்டு நான் யாரிடம் சொல்வது?

6. கொடிக்காலுக்குள் போய் அவள் காலடியைக் கண்டுபிடித்தவரும் ஒச்சாண்டியார்தான். “இந்தா பாருங்கய்யா, தீட்டுக் காலு” என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு காலடிக்குள்ளும் கிழிந்த இலைகள் சேற்றோடு அழுந்திக் கிடந்தன. இலை முந்தி விழுந்திருக்கிறது, கால் பிந்தி மிதித்திருக்கிறது. சோறு வடிக்கத் தெரிந்த எவளுக்கும் இது விளங்கும். எடுத்துச் சொன்னேன். “மதினி மருமகளுக்குப் பரிஞ்சு பேசுறாக” என்று தள்ளிவிட்டார்கள். ஒரு மாமியார் வலிய வந்து மருமகளுக்குப் பரிந்து பேசினால் அதில் உண்மை இல்லாமலா பேசுவாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

7. கட்டி பட்ட இடமெல்லாம் சில நாளில் கருத்து, சுற்றிலும் மஞ்சள் பூத்து, இலையிலிருந்து தண்டுக்குப் புள்ளி புள்ளியாக இறங்கின. ஊர்க் கோடாங்கி வந்து உடுக்கை அடித்துப் பார்த்து, கொடிக்கு அம்மை கண்டிருக்கிறது என்றார். மகன் மேலிருந்து இறக்கின அம்மையை, நேர்ந்தவள் பானை எடுக்காமல் தீட்டோடு உள்ளே புகுந்ததால், ஆத்தா தோட்டத்தின் மேல் போட்டுவிட்டாள் என்று குறி சொன்னார். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மை கண்ட வீட்டில் எதெல்லாம் கூடாதோ அதெல்லாம் கொடிக்காலிலும் கூடாது என்று ஆயிற்று. கத்தி படக் கூடாது என்றார்கள். அடிபட்ட கொடியைத் தாழ அறுத்துவிட்டால் கணுவில் புதுத் தளிர் வரும், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒச்சாண்டியாருக்கும் தெரியும். அறுக்க விடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், கூழ் படைத்தார்கள், கொடி அழுகிக்கொண்டே இருந்தது. பாதியை ஆலங்கட்டி கொன்றது, மீதியை எங்கள் பக்தி கொன்றது. இந்த வரியை எடுத்துவிடலாமே என்று சண்முகராஜ் சொன்னார். இருக்கட்டும் என்றேன். நான் ஆத்தாளை ஒரு சொல் சொல்லவில்லை. அவள் என் மகனைத் திருப்பிக் கொடுத்தவள். அவள் பெயரைச் சொல்லி என் மருமகளைக் கொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

8. பங்காளிகள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். அய்யம்மாள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டு அடுப்பு நெருப்பை யாரும் வாங்க மாட்டார்கள். வருகிற ஆடி முதல் வெள்ளியில் அகத்தி மரங்களை வெட்டி, கொடிக்காலை நெருப்பு வைத்துச் சுத்தி செய்வது என்றும், அதற்கு முன்னால் அவள் தாலியை வாங்கிக்கொண்டு அவளைக் கடமலைக்குண்டில் இருக்கிற தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் பேசியிருக்கிறார்கள். சேதி அவளுக்கு முந்தி அந்த ஊருக்குப் போய்விட்டது. அவள் தகப்பனார் வந்து எங்கள் தெருமுனையில் நின்றார். மகளைப் பார்த்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். தகப்பனும் வைத்துக்கொள்ள மாட்டான் என்றால் அவள் எங்கே போவாள்?

என் மகன் பேச்சிமுத்து நல்லவன்தான். நல்லவனாயிருப்பது இந்தக் காரியத்துக்கு எதற்கும் உதவவில்லை. “ஊரோட ஒத்துப் போகணும்ல ஆத்தா” என்கிறான். அம்மையில் கிடந்தபோது உனக்கு வேப்பிலை வீசினது ஊரா அவளா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாவடிக்குப் போய்விட்டான்.

9. கிராம முன்சீப் அவர்களிடம் போய் ஆலங்கட்டிச் சேதம் என்று எழுதும்படி கேட்டேன். உத்தமபாளையத்து மழைமானியில் அன்றைக்கு மழையே இல்லை என்றார். உத்தமபாளையத்தில் பெய்யாவிட்டால் உலகத்திலேயே பெய்யவில்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். மழையும் இல்லை, இயற்கைச் சேதமும் இல்லை, தோட்டத்தில் ஏதோ நோய் கண்டிருக்கிறது என்று எழுதியனுப்பிவிட்டார். அந்தக் காகிதத்தை ஊரில் வாசித்துக் காட்டினார்கள். சர்க்காரே மழை இல்லை என்று சொல்லிவிட்டது, இனி அவள் பொய்க்காரிதான் என்று முடிந்துபோயிற்று.

10. சாட்சி இல்லாமல் நான் வரவில்லை. குச்சின் கூரைமேல் படர்ந்த பூசணிக்கொடியில் காய்கள் மேல்பக்கம் மட்டும் சொட்டை விழுந்து கிடக்கின்றன. எங்கள் அகத்தி மரங்களில் மேற்குப் பக்கப் பட்டை மட்டும் தெறித்திருக்கிறது. கிழக்குப் பக்கம் கையால் தடவினால் வழவழவென்றிருக்கிறது. நோய் என்ன, திசை பார்த்தா வரும்? கொடிக்காலுக்கு மேற்கே தரிசில் நிற்கிற புளியமரத்தடியில் செத்த குருவிகள் கிடந்தன. அவற்றை நான் என் மடியில் கட்டிக்கொண்டு போய் முன்சீப்புக்குக் காட்டினேன். நாற்றம் என்று துரத்திவிட்டார். எங்கள் ஊர் இருளம்மாள் கண் தெரியாதவள், திருவிழாவுக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள். அன்று பிற்பகல் மேற்கே இருந்து ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்கிறாள். “யாரோ மூட மூடையாப் பயறக் கொட்டுன மாதிரி இருந்துச்சு, வண்டி அம்புட்டும் அதுக்குள்ள திரும்பிருச்சாக்கும்னு நெனச்சேன்” என்கிறாள். குருடி சாட்சி எடுபடாது என்றார்கள். காதால் கேட்டதற்குக் கண் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

11. இனி எழுதப்போவது மனுவுக்குச் சம்பந்தமில்லாதது என்று எழுதுகிறவர் நினைக்கிறார். சமுகத்தார் பொறுத்துக் கேட்க வேண்டும்.

அந்தக் கொடிக்காலுக்குள் இப்போது யாரும் போகிறதில்லை. அகத்தி மரங்கள் இலையில்லாமல் வெள்ளையாக நிற்கின்றன. அவள் முந்தானைக் கிழிசல்கள் மரங்களில் கட்டினபடியே இருக்கின்றன. அவிழ்க்க ஒருவருக்கும் தைரியமில்லை. கொடி அழுகி விழுந்துவிட்டது, கட்டு மட்டும் இருக்கிறது. காற்றடித்தால் அத்தனையும் ஒரே பக்கமாக ஆடுகின்றன. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஆட்கள் நின்று கையசைத்துக் கூப்பிடுவது போலிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு சாணி தட்டுகிறேன். எனக்குப் பயமாயிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அய்யம்மாள் மேகம் போட்டால் முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். கூரைமேல் ஒரு வேப்பம்பழம் விழுந்தாலும் போதும், “எறியிறாக அத்த” என்கிறாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத உச்சிவெயிலில்கூட அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தேன். பொய் சொல்கிறவள் இப்படிச் செய்வாளா, ஐயா? எனக்கும் இப்போது அந்தச் சத்தம் கேட்கிறது. நான் கேட்டேயிராத சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரியவில்லை. நெல் குத்தும்போது உலக்கையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறேன். பக்கத்து வீட்டு ராக்கம்மாள், “மாமியாளுக்கும் ஏறிக்கிருச்சு” என்று பேசுகிறாளாம். பேசட்டும்.

ஆகையால் சமுகத்தாரை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். எனக்கு வரி வஜா, தள்ளுபடி எதுவும் வேண்டாம். நஷ்டஈடு வேண்டாம். ஒச்சாண்டியாரையோ முன்சீப்பையோ தண்டிக்கவும் வேண்டாம். ஆடி முதல் வெள்ளிக்குள் தாங்களாவது, தாங்கள் அனுப்புகிற விவரம் தெரிந்த ஒரு அதிகாரியாவது புளியங்கரைப்பட்டிக்கு வந்து, அந்த மரங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை மரங்களை வெட்டாமலும் தீ வைக்காமலும் இருக்கத் தாக்கீது கொடுக்க வேண்டும். ஆலங்கட்டி விழுந்தது உண்மை என்று கண்டால், விழுந்தது என்று ஒரு வரி எழுதி, தாலுகா முத்திரை போட்டு, எங்கள் சாவடியில் தமுக்கடித்து வாசிக்கச் சொல்ல வேண்டும். விழவில்லை என்று கண்டால் அதையும் எழுதுங்கள். ஆனால் வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் ஒருத்தி நம்புகிறேன். மாமியார் நம்பிக்கைக்கு முத்திரை கிடையாது, அதனால்தான் தங்கள் வாசலுக்கு வந்தேன்.

மேலே கண்டதை வாசிக்கக் கேட்டபின் சேர்த்து எழுதச் சொன்னது:

அய்யம்மாள் என்னோடு நடந்து வந்து இங்கேதான் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான் என்பதால், என் ரேகைக்குப் பக்கத்தில் அவள் ரேகையும் இருந்தால் மனுவுக்குப் பலம் என்று சண்முகராஜ் சொன்னார். கூப்பிட்டேன். வந்து மை தொட்டாள். காகிதத்துக்குக் கிட்டே கொண்டுவந்த விரலை அப்படியே நிறுத்திவிட்டாள். “அத்த, நெசமாவே விழுந்துச்சா?” என்று என்னைக் கேட்டாள். விழுந்துச்சு ஆத்தா என்றேன். “நீங்க பாத்தீகளா?” என்றாள். “எல்லாரும் இல்லைங்கிறாக. நாந்தான் முந்தியே உள்ள போயிட்டேனோ என்னமோ, எனக்கே தெரியல அத்த” என்று சொல்லிவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆடி முதல் வெள்ளி என்று மேலே எழுதியிருக்கிறதை அடித்துவிடும்படி கேட்டேன். மனுவில் அடித்தல் திருத்தல் கூடாதாம். ஆகையால் இங்கே சொல்கிறேன். அவ்வளவு நாள் தாங்காது, ஐயா. நாளைக்கே வாருங்கள்.

இடம்: உத்தமபாளையம்
தேதி: தாது வருஷம், ஆனி மாதம் 4-ந் தேதி (1936)

இப்படிக்கு,
சங்கிலியம்மாள், இடது பெருவிரல் ரேகை

மனுதாரர் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டியது: சண்முகராஜ்

கண்கண்ட சாட்சி: அய்யம்மாள் (ரேகை இல்லை)